ஐந்தாவது மாவிலைக் கொத்து

ஒரு காட்டில், வெயில் மண்டையைப் பிளக்கும் சித்திரை மாதத்தில், குட்டிகளுக்கெல்லாம் ஏழு நாள் முகாம் நடக்கும்.

அந்த முகாம் வந்த கதை கொஞ்சம் வருத்தமானது. முன்னொரு கோடையில் ஆறு வற்றிப்போய், மணலில் ஒரே ஒரு ஊற்று மிஞ்சியது. அதற்காகக் காட்டுப்பன்றிகளும் மான்களும் முட்டி மோதிக்கொண்டன. கொம்பு முறிந்தது, கால் முறிந்தது, கடைசியில் ஊற்றும் மிதிபட்டுத் தூர்ந்துபோனது. யாருக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை!

"நமக்குத்தான் புத்தி இல்லை. நம் பிள்ளைகளுக்காவது வரட்டும்" என்று பெரிய விலங்குகள் கூடிப் பேசின. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? அன்றிலிருந்து கோடைதோறும் எல்லா இனத்துக் குட்டிகளும் ஆற்றங்கரையில் ஏழு நாள் ஒன்றாகத் தங்கும். ஒரே ஊற்றில் முறை வைத்துக் குடிக்கும். பெரியவர்கள் மலைக்கு அப்பால் உள்ள சுனைக்குப் போய்விட்டு, ஏழாம் நாள் மாலையில்தான் திரும்பி வருவார்கள்.

முகாமுக்கென்று சில வழக்கங்கள் உண்டு. காலையில் எழுந்ததும் எல்லாரும் வட்டமாக நின்று, "விட்டுக் கொடுத்தவர் கெட்டுப் போவதில்லை!" என்று மூன்று முறை சொல்ல வேண்டும். ஊற்றில் யார் முன்னே, யார் பின்னே என்பதைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்ள வேண்டும். துணைக்குத் தங்கும் முகாம் தலைவர்கூட அந்த நேரத்தில் எட்டிப் பார்க்கக் கூடாது. மாலையில் முகாம் தலைவர், "இன்று சண்டை உண்டா?" என்று கேட்பார். "இல்லை!" என்று பதில் வந்தால், இரண்டு மருத மரங்களுக்கு நடுவே கட்டிய கொடியில் ஒரு மாவிலைக் கொத்து ஏறும். ஏழு நாளில் ஐந்து கொத்தாவது ஏறிவிட்டால், பெற்றோர் வந்ததும் எல்லாருக்கும் மலைத்தேன் கிடைக்கும். எந்த வருஷமும் ஐந்துக்குக் குறைந்ததே இல்லை.

இந்த வருஷம் தலைமைப் பொறுப்பு கரடி வீராயிக்கு வந்தது. வீராயி நல்லவள், பலசாலி. ஆனால் எந்த விஷயத்துக்காவது இரண்டு பக்கம் இருந்துவிட்டால் போதும், உடனே தலையைச் சொறிய ஆரம்பித்துவிடுவாள்.

"எந்த வருஷமும் குறையாத கொத்து என் காலத்திலா குறைய வேண்டும்?" என்ற கவலை அவளுக்கு முதல் நாளே பிடித்துக்கொண்டது.

ஊற்றுக்குழியை அவள் ஒரு பலகைக்கல்லால் மூடி வைத்திருந்தாள். காலையும் மாலையும் கல்லை நகர்த்திவிட்டுப் புதருக்குப் பின்னால் போய்விடுவாள். குழியில் தண்ணீர் மெல்ல மெல்லத்தான் ஊறும். ஒருவர் குடித்தால் அடுத்தவர் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். மரங்கொத்தி 'டொக் டொக்' என்று தட்டியதும் நேரம் முடிந்தது. கல் மறுபடி மூடிக்கொள்ளும்.

வரிசையை முதல் நாளே குலுக்கி எடுத்தார்கள். யானைக்குட்டி முதலில் வந்தான். கடைசிக்கு முந்தின இடம் நரிக்குட்டி சிங்காரத்துக்கு. கடைசி இடம் முயல்குட்டி தங்காயிக்கு.

முதல் நாள் காலை வீராயி புதருக்குப் பின்னால் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தபோது, "கிறீச்! கிறீச்!" என்று ஒரு சத்தம் காதைத் துளைத்தது.

"வீராயக்கா! ஓடி வாங்க! தங்காயி தண்ணியைச் சிங்காரம் குடிக்கிறான்!"

கத்தியது ஆள்காட்டிக் குஞ்சு அலமேலு. ஆள்காட்டிக் குருவியின் குணம்தான் உங்களுக்குத் தெரியுமே. கண்ணில் பட்டது வாயில் வராமல் இருக்காது.

வீராயி மூச்சிரைக்க ஓடி வந்தாள். "யாரு குடிச்சது?"

"நான்தான்க்கா குடிச்சேன்" என்றான் சிங்காரம், மீசையில் ஒட்டிய தண்ணீரை நக்கிக்கொண்டே. "என் முறை முடிஞ்சும் தொண்டை காய்ஞ்சிருந்துச்சு. தங்காயிகிட்ட கேட்டேன். அவளே விட்டுக் கொடுத்தா. காலையில நாம சொன்னோமே, அதைத்தானே செஞ்சா? வேணும்னா அவளையே கேளுங்க."

"விட்டுக் கொடுத்தியா தங்காயி?"

தங்காயி எல்லாருடைய முகத்தையும் ஒரு முறை பார்த்தாள். பிறகு மெல்லத் தலையாட்டினாள்.

"பயந்துக்கிட்டுத் தலையாட்டினா, அது விட்டுக் கொடுக்கறதா?" என்று அலமேலு கத்தினாள்.

"உன்னை யாரு கேட்டா? உன் தண்ணியையா குடிச்சேன்?" என்று சிங்காரம் பதிலுக்குக் கத்தினான்.

"கிறீச்!"

"ஊஊ!"

வீராயி தலையைச் சொறிந்தாள். குடித்தவன் மரியாதையாகப் பேசுகிறான். இழந்தவள் தானே கொடுத்தேன் என்கிறாள். ஒன்றுமே இழக்காத இந்தக் குருவிதான் ஊரைக் கூட்டுகிறது. இதில் யார் பக்கம் நியாயம்? அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. தண்ணீர் ஊறும்வரை பக்கத்திலேயே நின்று, தங்காயியைக் குடிக்க வைத்துவிட்டுப் போனாள்.

மாலையில், "இன்று சண்டை உண்டா?" என்று கேட்டாள். எல்லாக் கண்களும் அலமேலுவின் பக்கம் திரும்பின.

"உண்டுக்கா" என்று குரங்குக்குட்டி பெருமூச்சு விட்டான். கொத்து ஏறவில்லை.

இரண்டாம் நாளும் அதே கதைதான். சிங்காரம் கேட்டான், தங்காயி தலையாட்டினாள், அலமேலு கத்தினாள், வீராயி ஓடி வந்தாள். தங்காயிக்குத் தண்ணீர் கிடைத்தது. கொடியில் கொத்து ஏறவில்லை.

மூன்றாம் நாள் பொழுது விடிந்ததும் குட்டிகள் கூட்டமாக வந்து வீராயியைச் சூழ்ந்துகொண்டன.

"இன்னும் அஞ்சு நாள்தான்க்கா இருக்கு. அஞ்சு கொத்தும் வேணும்" என்றான் குரங்குக்குட்டி. "இந்த அலமேலு இருந்தா ஒண்ணுகூட ஏறாது."

"எனக்குத் தேன் வேணும்" என்று பன்றிக்குட்டி அழவே ஆரம்பித்துவிட்டான்.

வீராயி யோசித்தாள். யோசிக்க யோசிக்கக் குழம்பினாள். கடைசியில் அலமேலுவைத் தனியே கூப்பிட்டாள். "நீ அக்கரைப் பாறையில போய் இரும்மா. உன் தண்ணியைக் குரங்குப்பய தொன்னையில கொண்டுவந்து தருவான். தேனும் உனக்கு உண்டு. ஆனா வாயை மட்டும் திறக்காதே."

"நான் என்னக்கா தப்பு பண்ணினேன்?"

வீராயி தலையைச் சொறிந்தாள். "தப்பு இல்லம்மா. சத்தம்" என்றாள்.

அலமேலு தலையைக் குனிந்துகொண்டு மணலைத் தாண்டிப் போனாள்.

அதற்குப் பிறகு முகாமில் சருகு விழுந்தால் கேட்கும். அவ்வளவு அமைதி! மூன்றாம் நாள் மாலை, "சண்டை உண்டா?" என்றதும் "இல்லை!" என்று எல்லாரும் துள்ளிக் குதித்தார்கள். முதல் கொத்து ஏறியது. நாலாம் நாள் இரண்டாவது, ஐந்தாம் நாள் மூன்றாவது, ஆறாம் நாள் நாலாவது. பச்சைப் பசேலென்று நாலு கொத்தும் காற்றில் ஆடுவதைப் பார்த்து வீராயி பூரித்துப்போனாள்.

பூரித்தாளே தவிர, அவளுக்கு வயிற்றைப் பிசைந்துகொண்டே இருந்தது. ஏன் என்றுதான் தெரியவில்லை.

நாலாம் நாள் ஓட்டப் பந்தயத்தில் தங்காயி கடைசியாக வந்தாள். முயல் கடைசியா? "விட்டுக் கொடுத்திருப்பாள், நல்ல பிள்ளை" என்று வீராயி நினைத்துக்கொண்டாள். ஐந்தாம் நாள் விடியற்காலையில் தங்காயி ஒவ்வொரு புல்லாக நக்கிக்கொண்டிருந்தாள். "என்னடி செய்யறே?" என்றதற்கு, "சும்மா விளையாடறேன்க்கா" என்றாள். ஆறாம் நாள் வட்டத்தில் நின்று எல்லாரும் விட்டுக் கொடுத்தவர் வாசகத்தைச் சொன்னபோது, தங்காயியின் உதடு மட்டும் அசைந்தது; குரல் வரவில்லை.

"உடம்பு சரியில்லையா தங்காயி?"

"ஒண்ணுமில்லக்கா."

சண்டை இல்லை, அழுகை இல்லை, புகார் இல்லை. பிறகு ஏன் இந்த வயிறு சும்மா இருக்க மாட்டேன் என்கிறது? கெட்ட கிழங்கு ஏதாவது தின்றுவிட்டோமோ என்றுகூட வீராயி சந்தேகப்பட்டாள்.

ஏழாம் நாள் நடுப்பகலில், கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருந்தபோது தங்காயி சுருண்டு விழுந்தாள்.

வீராயி பதறிப்போனாள். பலகைக்கல்லைப் புரட்டித் தள்ளினாள். குழியில் ஊறியிருந்த தண்ணீரை இலையில் அள்ளி அவள் வாயில் விட்டாள். தங்காயி கண்ணைத் திறக்காமலேயே குடித்தாள். இலையில் தண்ணீர் தீர்ந்த பிறகும் இலையை நக்கிக்கொண்டே இருந்தாள்.

"இவ்வளவு தாகமா? காலையிலதானே குடிச்சே?"

யானைக்குட்டி கொடியில் ஆடும் கொத்துகளைப் பார்த்தான். குரங்குக்குட்டி வானத்தைப் பார்த்தான். பன்றிக்குட்டி மூக்கால் மணலில் கோடு கிழித்தான்.

"யாராவது சண்டை போட்டீங்களா?"

"இல்லக்கா!" என்றன எல்லாக் குட்டிகளும் ஒரே குரலில்.

"யாராவது யாரையாவது அடிச்சீங்களா?"

"இல்லக்கா!"

"தங்காயி, உன் தண்ணியை யாராவது பிடுங்கினாங்களா?"

"இல்லக்கா" என்றாள் தங்காயி, கேட்டும் கேட்காத குரலில். "நான்தான் விட்டுக் கொடுத்தேன்."

வீராயி இரண்டு கையாலும் தலையைச் சொறிந்தாள். கேட்ட எல்லாக் கேள்விக்கும் பதில் வந்துவிட்டது. ஒரு பதில்கூடப் பொய் இல்லை. ஆனாலும் ஒரு பிள்ளை நாக்கு வறண்டு கிடக்கிறாள். இதென்ன கூத்து?

யாரைக் கேட்பது? இங்கே இருக்கும் ஒவ்வொரு வாயும் தேனுக்காகக் காத்திருக்கும் வாய். அப்போதுதான் அவளுக்கு அக்கரைப் பாறை நினைவுக்கு வந்தது. கொதிக்கும் மணலில் குதித்துக் குதித்து ஓடினாள்.

அலமேலு பாறை நிழலில் ஒற்றைக் காலில் நின்றிருந்தாள். அவள் அலகில் ஒரு கூழாங்கல் இருந்தது.

"இது எதுக்குடி?"

அலமேலு கல்லைத் துப்பினாள். "இது இல்லேன்னா கத்திடுவேன்க்கா. நீங்கதானே வாயைத் திறக்காதேன்னு சொன்னீங்க. அஞ்சு நாளா வெச்சிருக்கேன். இப்பப் பேசலாமா?"

வீராயி அந்தக் கல்லை எடுத்துத் தூர எறிந்தாள். "பேசு தாயி. என்ன பார்த்தே?"

"எல்லாத்தையும் பார்த்தேன். மூணாம் நாள் தங்காயி முடியாதுன்னுதான் சொன்னா. 'இது என் முறை, விட மாட்டேன்'னு சத்தமாவே சொன்னா. சிங்காரம் பதிலே பேசல. கொத்து கட்டற கொடியைத்தான் காட்டினான். மத்தவங்கதான் பேசினாங்க. 'ஷ்ஷ்! கத்தாதே! கொத்து போயிடும்!'னு எல்லாரும் அவ மேல பாய்ஞ்சாங்க. யானைக்குட்டி தும்பிக்கையால அவ வாயைப் பொத்தினான். அவன் நல்லவன்தான்க்கா. அவனுக்குத் தேன் பிடிக்கும், அவ்வளவுதான்."

"அப்புறம்?"

"அப்புறம் அவ கேக்கறதையே விட்டுட்டா."

வீராயி பாறைமேல் பொத்தென்று உட்கார்ந்தாள். முகாமில் சண்டை வரக் கூடாது என்றுதான் இவ்வளவும் செய்தாள். அந்தச் சண்டை வராததால்தான் தங்காயிக்குத் தண்ணீர் வரவில்லை. சண்டையைத் தவிர்க்கத்தானே முகாம், தண்ணீருக்காகத்தானே சண்டை, அப்படியானால் முகாம் எதற்கு? பாவம், அவளுக்குத் தலை சுற்றியது. ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது: உண்மையைச் சொன்ன ஒரே குருவியைத் துரத்தியவள் அவள்தான். வெட்கமாக இருந்தது.

சிங்காரத்தைத் திட்டலாமா? "அவளே விட்டுக் கொடுத்தா, கேளுங்க" என்பான். தங்காயியும் தலையாட்டுவாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

வெகுநேரம் தலையைச் சொறிந்தாள். பிறகு சட்டென்று எழுந்தாள். "வா அலமேலு. என் தோள்மேல உட்காரு. கொஞ்ச நேரம் மட்டும் பேசாதே. இது கடைசித் தடவை."

மாலை ஆயிற்று. மலைச் சரிவில் பெற்றோர்கள் வரிசையாக இறங்கி வருவது தெரிந்தது. வீராயி ஐந்தாவது மாவிலைக் கொத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஊற்றருகே வந்து நின்றாள். அன்று அவள் புதருக்குப் பின்னால் போகவில்லை. கல்லை நகர்த்தினாள். குட்டிகள் ஒவ்வொன்றாகக் குடித்தன.

சிங்காரத்தின் முறை வந்தது. அவன் குழியில் வாயை வைக்கப் போன நேரம், வீராயி குறுக்கே கை வைத்தாள்.

"நாலு நாளா தங்காயி விட்டுக் கொடுத்தா. நல்ல பழக்கம். இன்னைக்கு ஒரு நாள், ஒரே ஒரு முறை, சிங்காரம் விட்டுக் கொடுப்பான். எங்கே, எல்லாரும் சொல்லுங்க பார்ப்போம்!"

"விட்டுக் கொடுத்தவர் கெட்டுப் போவதில்லை!" என்று குட்டிகள் கூவின.

சிங்காரம் பல்லைக் காட்டிச் சிரித்தான். "அதுக்கென்னக்கா, தாராளமா" என்றான்.

தங்காயி தயங்கித் தயங்கி வந்தாள். குடித்தாள். குழி காலியானது. மெல்ல ஊறியது. "இன்னும் குடி தங்காயி" என்றாள் வீராயி. தங்காயி மறுபடி குடித்தாள்.

சிங்காரத்தின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. பகல் முழுவதும் ஓடி ஆடிய உடம்பு. நாக்கு வெளியே தொங்கியது. கண் குழியைவிட்டு நகரவில்லை.

"இன்னும் குடிம்மா."

டொக் டொக்! மரங்கொத்தி தட்டிவிட்டது. வீராயி கல்லை நகர்த்தி மூடப் போனாள்.

"அக்கா! என் முறை!" என்று சிங்காரம் கத்தினான்.

"ஷ்ஷ்!" என்று எல்லாக் குட்டிகளும் அவன்மேல் பாய்ந்தன. "கத்தாதே! கொத்து போயிடும்!"

"ஏய், பெரியவங்க வந்துட்டாங்க, வாயை மூடு!" என்றான் குரங்குக்குட்டி. யானைக்குட்டி தும்பிக்கையை நீட்டினான்.

சிங்காரம் தும்பிக்கையைத் தட்டிவிட்டான். "கொத்தாவது மண்ணாவது! எனக்குத் தாகமா இருக்கு! என் தண்ணியை இன்னொருத்தி குடிச்சா நான் ஏன் வாயை மூடணும்?"

சொன்ன பிறகுதான் சிங்காரத்துக்கே அது காதில் விழுந்தது. அப்படியே நின்றுவிட்டான். குட்டிகள் தங்காயியைப் பார்த்தன. யானைக்குட்டி நீட்டிய தும்பிக்கையை மெதுவாகச் சுருட்டி வாய்க்குள் வைத்துக்கொண்டான்.

வீராயி மூடப்போன கல்லைக் கீழே போட்டாள். "ஊறட்டும். குடி சிங்காரம். யாரும் தாகத்தோட போகக் கூடாது" என்றாள்.

இதற்குள் பெற்றோர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். முன்னால் வந்த கலைமான் அண்ணாந்து கொடியைப் பார்த்தார்.

"என்ன வீராயி, நாலு கொத்துதான் தொங்குது? சத்தமும் பலமா கேட்டுச்சு. சண்டையா?"

வீராயி கையிலிருந்த ஐந்தாவது கொத்தைப் பார்த்தாள். கட்டியிருக்கலாம். ஒரு முடிச்சுதான்.

"ஏழு நாளா நானும் அதையேதான் அண்ணே கேட்டுக்கிட்டிருந்தேன்" என்றாள். "கேள்வியே சரியில்லை." கொத்தைப் பாறைமேல் வைத்துவிட்டுக் குட்டிகளின் பக்கம் திரும்பினாள். "இந்த ஏழு நாள்ல யாருக்கு எது கிடைக்கலை? வரிசையில கடைசியில நின்னவங்க முதல்ல சொல்லுங்க."

கலைமான் கொம்பைச் சாய்த்து நின்றார். எல்லாரும் தங்காயியைப் பார்த்தார்கள்.

தங்காயி தாய் முயலின் மடியிலிருந்து தலையைத் தூக்கினாள். "எனக்குத் தண்ணி கிடைக்கலை" என்றாள். பிறகு இன்னும் சத்தமாக, "நாலு நாளா கிடைக்கலை! நான் விட்டுக் கொடுக்கல. விட வெச்சாங்க!" என்றாள்.

"என் கிழங்கைக் குரங்கு எடுத்துட்டான், நான் சொல்லவே இல்லை!" என்றான் பன்றிக்குட்டி.

"என் வாலை யானை தினமும் மிதிச்சான்!" என்றான் குரங்குக்குட்டி.

"எனக்குத் தெரியாதுடா! நீ சொல்லவே இல்லையே!" என்று யானைக்குட்டி பிளிறினான்.

"எனக்குக் கடைசிக்கு முந்தின இடம்" என்றான் சிங்காரம், தரையைப் பார்த்துக்கொண்டு. "தண்ணி தீர்ந்துடுமோன்னு முதல் நாள்லேர்ந்தே பயம். கேட்டா கோழைன்னு சொல்வீங்க. அதான்."

அவ்வளவுதான், ஏழு நாள் அடக்கி வைத்ததெல்லாம் மடை திறந்துகொண்டது. எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். பெற்றோர்கள் ஒருவரை ஒருவர் திருதிருவென்று பார்த்தார்கள். மரத்திலிருந்த கொக்குகள் பயந்து பறந்தன.

வீராயி கொத்துக் கணக்கைப் பார்க்காமலே, பெரியவர்கள் கொண்டுவந்திருந்த தேனடையை எடுத்து வந்தாள். வரிசையின் கடைசியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு குட்டிக்கும் கொடுத்துக்கொண்டே, ஒவ்வொரு குறையாகக் கேட்டாள். அடுத்த கோடையிலிருந்து வரிசை தினமும் மாறும் என்றாள். ஊற்றுக்கு மேலே உள்ள பாறையில் உட்கார்ந்து, பார்த்ததைச் சொல்வது அலமேலுவின் வேலை என்றாள்.

அத்தனை கூச்சலிலும் சும்மா இருந்தது ஒரே ஒரு வாய்தான். வீராயியின் தோள்மேல் உட்கார்ந்திருந்த அலமேலு, அலகில் தேன் ஒழுக, எல்லாரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொல்ல வேண்டியது எதுவும் மிச்சமில்லை.

வீராயிக்குத்தான் இன்னும் குழப்பம் தீரவில்லை. காது இரண்டும் அடைத்துப்போகிற மாதிரி இரைச்சல். முகாம் வந்த நாளிலிருந்து இப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. ஆனால் ஐந்து நாளாகப் பிசைந்துகொண்டிருந்த அவள் வயிறு, எப்போது நின்றது என்றே தெரியாமல் நின்றுபோயிருந்தது.

நீதி: குறை சொல்ல வாய் இல்லாத இடத்தில் சமாதானமும் இல்லை.